நன்றாக ஓடிய மிஷினுக்கு ரிப்பேர்

கலா, மணி, அப்பா எழுதுகிறேன். உங்கள் இரண்டு பேருக்கும் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரியும். பரவாயில்லை, மெதுவாகப் படியுங்கள். பர்மீஸில் எழுதினால் உங்களுக்குச் சுலபம், எனக்குத்தான் கை வராது. எட்டாவதோடு நின்றவன் நான். சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். அவர்களுக்குப் பர்மீஸிலேயே சொல்லலாம்.

போன வாரம் நம் பருப்பு மில்லைப் பார்க்க டவுன்ஷிப்பிலிருந்து ஒரு பெண்கள் குழு வந்ததாமே. பாக்கிங் ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கிறோம், இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்லி, ஆளுக்கொரு டீ கொடுத்து அனுப்பிவிட்டீர்களாமே. மறுநாள் நான் அந்தப் பக்கம் வந்தேன். பெயிண்ட் வாசனையே இல்லையே பிள்ளைகளா. சுவரில் சிலந்தி கூடு கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருந்தது.

கோபத்தில் எழுதவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஏனென்றால் இதே வேலையை இதே மில்லில் நாங்களும் ஒரு தடவை பார்த்தோம், உங்களைவிடப் பெரிய அளவில். அந்தக் கதையை உங்களுக்கு முழுதாகச் சொன்னதில்லை.

அப்போது நீங்கள் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தீர்கள். அலோன் ஆற்றங்கரையில் ஒரு முதலாளி நடத்திய மில் மூடிப்போய், அதில் வேலை பார்த்தவர்களே சேர்ந்து நம் சங்கத்தை ஆரம்பித்துச் சில வருஷம் ஆகியிருந்தது. தோ சான் யீ தலைவி. உங்களுக்கு அவரை வெற்றிலைப் பெட்டியோடுதான் ஞாபகம் இருக்கும். சலிக்கிற பகுதிக்கு ராஜாமணி அக்கா. மிஷின் கோ துரை கையில். அவன் அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரர், இரண்டு பாஷையிலும் குறைவாகப் பேசுகிறவன். நான் வெளிவேலை. துவரை வாங்க, லாரி பிடிக்க, ஆபீஸ்களில் காத்திருக்க. வார்ஃபில் மூட்டைக் கணக்கு எழுதின காலத்தில் பொறுக்கின இங்கிலீஷ் கொஞ்சம் இருந்ததால் வெளியூர் ஆட்கள் வந்தால் பேசுவதும் நான்தான்.

சின்னச் சங்கங்களுக்கெல்லாம் ஒரு கூட்டமைப்பு இருந்தது. அவர்கள் ஒரு விஷயம் சொல்லி அனுப்பினார்கள். ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டின் தெற்குப் பக்கம் துவரை பயிரிடும் பெண்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். விளைந்ததை அப்படியே வியாபாரியிடம் கொடுக்காமல் தாங்களே உடைத்துப் பருப்பாக்க ஒரு மில் போட ஆசைப்படுகிறார்கள். முதலாளி இல்லாமல் ஒரு மில்லை எப்படி நடத்துவது என்று பார்க்க இரண்டு பேர் வந்து கொஞ்ச நாள் நம்மோடு தங்கலாமா?

தோ சான் யீ கூட்டம் போட்டுக் கேட்டார். எல்லோரும் "யபாடே" என்றார்கள். ஆகட்டும், பரவாயில்லை, சரி, எல்லாவற்றுக்கும் நம் ஊரில் அந்த ஒரு வார்த்தைதானே. தோ சான் யீ கை தட்டிக் கூட்டத்தை முடித்தார். கோ துரையும் யபாடே என்றுதான் சொன்னான். சொல்லும்போது மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்குக் கரண்டே இல்லை. நிற்கிற ஃபேனை ஒருவன் அவ்வளவு நேரம் பார்த்தால் அவன் மனசில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இதை இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு யாருக்கும் உறைக்கவில்லை.

மிங்கலாடோன் ஏர்போர்ட்டில் அவர்களை அழைத்துவரப் போனேன். நீமா உயரமான ஆள், நல்ல இங்கிலீஷ், எதற்கும் முதலில் சிரித்துவிட்டுப் பிறகு பேசுவார். ஹலிமா வயதில் சின்னவர், ஊரில் ஒரு சோள மாவு மில் ஓட்டுகிறவர். இங்கிலீஷ் பத்தாது, ஆனால் வாயாடி. டாக்சியில் ஏறினதுமே என்னை "காக்கா" என்று கூப்பிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிறத்தைச் சொல்கிறாரா, கேலி பண்ணுகிறாரா? அவர்கள் பாஷையில் அண்ணனுக்குக் காக்கா என்றும் அக்காவுக்குத் தாதா என்றும் சொல்வார்களாம்.

வழியில் பபேடானில் இறக்கி, தோசைக் கடையில் உட்கார வைத்தேன். கடைக்காரர் சூலியா, தமிழ் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. "ராமண்ணே, இதில என்ன அதிசயம், எங்க வீட்டிலயும் அண்ணன் காக்காதான்" என்றார். சாம்பார் வந்தது. நீமா ஒரு வாய் வைத்ததும் கண்ணை விரித்து "ம்பாசி! ம்பாசி!" என்று கத்தினார். துவரைக்கு அவர்கள் பெயர் அது. முழுத் துவரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து அப்பத்தோடு சாப்பிடுவார்களாம். இப்படிக் கரைத்துக் குடிப்பதைப் பார்த்து, நல்ல பருப்பை ஏன் இப்படித் தண்ணீரில் போட்டு அடித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். இரண்டு கிண்ணம் காலி செய்துவிட்டுத்தான் கேட்டார்.

மில் பின்புறச் சந்தில் ராஜாமணி அக்கா வீட்டு மாடியில் அவர்களுக்கு இடம். ஹலிமா அக்காவைத் தாதா என்று கூப்பிட, மில் முழுக்க அதுவே பெயராகிவிட்டது. "என்னடா இது, ஒரு நாள்ல என்னை ரௌடி ஆக்கிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே அக்கா இடுப்பில் கை வைத்து அப்படியே நடந்தும் காட்டினார்.

முதல் நாள் காலை மில்லுக்குள் அழைத்துப் போனேன். கோ துரை மிஷின் பெல்ட்டைக் கழற்றிச் சாக்கில் போட்டு, ஸ்பானர்களை வரிசையாக அடுக்கி வைத்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ரிப்பேர்ண்ணே."

"என்ன ரிப்பேர்?"

"உள்ள."

நான் மொழிபெயர்த்தேன். நீமா குனிந்து கோ துரையின் தோளைத் தொட்டு "போலே, போலே சானா" என்றார், அவ்வளவு பரிவாக.

ராஜாமணி அக்கா என் காதில், "அண்ணே, தமிழ்ல பேசுது பாருங்க. எது போலேன்னு கேளுங்க."

கேட்டேன். கஷ்டத்தில் இருப்பவரைப் பார்த்தால் அவர்கள் சொல்லும் வார்த்தையாம் போலே. உன் சிரமம் எனக்குப் புரிகிறது என்று அர்த்தம். அதையே போலே போலே என்று இரண்டு தடவை இழுத்துச் சொன்னால் மெதுவாக, மெதுவாக என்று வேறு அர்த்தம். அதைக் கோ துரைக்குச் சொன்னேன். அவன் முகம் ஸ்பானர் பக்கம் திரும்பிவிட்டது.

அடுத்த நாள் கரண்ட் இல்லை என்றார்கள். எதிர் டீக்கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. "அது வேற லைன்" என்றார் தோ சான் யீ. அதற்கடுத்த நாள் கோ துரைக்கு வயிற்றுவலி, மிஷின் அறைச் சாவி அவனிடம். நடுநடுவே உபசாரத்துக்குக் குறைவில்லை. ஷ்வேதகோன் பகோடாவைக் காட்டினோம், கோவில் காட்டினோம், மார்க்கெட் காட்டினோம், தனக்கா மரப்பட்டையை அரைத்துக் கன்னத்தில் பூசிவிட்டோம். ராஜாமணி அக்கா காலையில் இட்லி, மத்தியானம் மீன் குழம்பு, சாயங்காலம் பலகாரம் என்று போட்டுக்கொண்டே இருந்தார். சாப்பிட வைத்தே ஊருக்கு அனுப்பிவிடுவது என்று எல்லோரும் ஒரு முடிவில் இருப்பது போல இருந்தது.

வயிற்றுவலி என்று கேட்டதும் நீமா சும்மா இருக்கவில்லை. இஞ்சி தட்டிக் கொதிக்க வைத்துச் சொம்பில் எடுத்துக்கொண்டு, கோ துரை வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்றார். போகும் வழியில், தெருமுனைக் கடையில், ஒரு பெரிய கிண்ணம் மொஹிங்கா மீன் நூடுல்ஸை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தான் நோயாளி. பக்கத்தில் தட்டில் பொரித்த பூசணிக்காய் வேறு. எங்களைப் பார்த்ததும் கிண்ணத்தை மேஜையில் வைக்கவும் தெரியாமல், வாயிலிருந்து எடுக்கவும் தெரியாமல் விழித்தான்.

"இது... இது மருந்துண்ணே. மீன் சூடு, வயித்துக்கு நல்லது."

நான் அதையும் மொழிபெயர்த்தேன். நீமா தலையை ஆட்டி, "போலே" என்று சொல்லி, இஞ்சித் தண்ணீரை அவன் பக்கத்தில் வைத்தார். அவன் அதையும் குடித்தான். குடித்துத்தானே ஆக வேண்டும்.

அன்றைக்கு மத்தியானம் நீமா என்னைத் தனியாக டீக்கடைக்குக் கூப்பிட்டார். ஹலிமாவை அக்காவோடு விட்டுவிட்டு வந்தார். சிரிப்பு இல்லாமல் அவர் பேசினதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவர்கள் ஊரில் சங்கம் இரண்டாக நின்றது. அறுவடையில் வியாபாரி வருவார், அவர் சொன்னதுதான் விலை. மில் போடலாம் என்று பாதிப் பேர். எழுதப் படிக்கத் தெரியாத நாம் மில் நடத்துவதா, வியாபாரியைப் பகைத்துக்கொண்டால் அடுத்த வருஷம் யார் வாங்குவார் என்று மீதிப் பேர். கடைசியில், உலகத்தில் எங்கேயாவது நம்மைப் போன்றவர்கள் நடத்துகிறார்களா, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அதன் பிறகு முடிவு என்று இவர்களை அனுப்பியிருந்தார்கள். கோவில் போட்டோக்களோடு திரும்பிப் போனால் சங்கம் உடைந்துவிடும். ஒவ்வொருத்தியும் தனித்தனியாக அதே வியாபாரியிடம் போய் நிற்பாள்.

"மிஸ்டர் ராமு, எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். இது 'முடியாது'தானே? முடியாது என்றால் சொல்லிவிடுங்கள். அதை நான் ஊருக்கு எடுத்துப் போக முடியும். அங்கே காட்ட மறுத்தார்கள் என்று சொல்வேன். ரிப்பேரான மிஷினைத் தூக்கிக்கொண்டு நான் எப்படிப் போவேன்?"

பிள்ளைகளா, அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நம் வேலையில் கஷ்டமான நேரம் லாரி கவிழ்ந்ததும் இல்லை, வெள்ளம் வந்து மூட்டை நனைந்ததும் இல்லை. இப்படி ஒருவர் எதிரே உட்கார்ந்து நேராகக் கேட்கிற நேரம்தான். ஆமாம் என்றால் என் ஆட்களைக் காட்டிக்கொடுத்தவன் ஆவேன். நாற்பது பேரோடு நாளைக்கும் நான்தான் வேலை செய்ய வேண்டும். இல்லை, ரிப்பேர்தான் என்றால் இந்த அம்மாவின் ஊரே உடையும். டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், கோ துரை ஃபேனைப் பார்த்த மாதிரி.

பிறகு சொன்னேன். "மிஷின் நன்றாக இருக்கிறது. ஆட்களுக்குத்தான் பயம். நீங்களும் பருப்பாக அனுப்ப ஆரம்பித்தால் இந்தியாவில் எங்கள் பருப்பை யார் வாங்குவார்கள் என்று பயம். அதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல இந்த ஊரில் யாருக்கும் வாய் வராது. ஆனாடே என்று ஒரு வார்த்தை இங்கே உண்டு. எதிரில் இருப்பவர் மனசு நோகுமே என்று நம் மனசு கூசுவது. விருந்தாளி என்றால் இன்னும் கூசும்."

நீமா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

"எங்கள் ஊரிலும் அந்த வியாதி உண்டு. பெண்கள் எல்லாம் கூட்டத்தில் சரி என்று பாடுவார்கள், வீட்டுக்குப் போய் முடியாது என்பார்கள். அதனால் ஒரு வழக்கம் வைத்தோம். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு நாற்காலி. மற்றவர்கள் பாயில். முடியாது என்று சொல்ல நினைப்பவருக்குத்தான் அந்த நாற்காலி. அவர் பேசி முடித்த பிறகுதான் மற்றவர்கள் வாய் திறக்கலாம். யாருமே அதில் உட்காராவிட்டால் கூட்டம் செல்லாது, எல்லோரும் பொய் சொல்கிறோம் என்று அர்த்தம். உங்களிடம் நாற்காலி இருக்கிறதா?"

இருந்தது. அதுதான் வம்பு.

மில்லில் இருந்தது எல்லாம் டீக்கடை மாதிரிச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் முக்காலிகள். நாற்காலி என்று ஒன்றே ஒன்று. வார்ஃப் பக்கம் ஓர் ஆபீஸ் காலி பண்ணும்போது வந்த தேக்கு நாற்காலி, கை வைத்தது. தோ சான் யீ அதற்குத் தன் கையால் பூப்போட்ட மெத்தை தைத்துப் போட்டிருந்தார். தலைவி என்பதற்கு அவருக்கு இருந்த ஒரே அடையாளம் அதுதான்.

அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்பதையும் சொன்னேன். வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"கோ ராமு, இனிமே அந்தப் பொண்ணு முகத்தில நான் எப்படி முழிப்பேன்?"

"நாளைக்குக் கூட்டத்தில முழிக்கலாம் தலைவி. உங்க நாற்காலியைக் கொஞ்சம் கொடுத்தீங்கன்னா."

"யபாடே" என்றார் உடனே.

"எந்த யபாடே? சரியா, வேண்டாமா?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் எழுந்து, மெத்தையை மட்டும் உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "நாற்காலியை எடுத்துக்கோ. மெத்தை என்னோடது" என்றார். எங்கள் சங்கத்தில் நான் கேட்ட முதல் நேரான பதில் அது.

மறுநாள் சலிக்கிற இடத்தில் எல்லோரும் முக்காலியில் உட்கார, நடுவில் தேக்கு நாற்காலி. நான் விஷயத்தைச் சொன்னேன். ஒரே சத்தம். "சொல்லிட்டீங்களா? அவங்ககிட்டயேவா? மானம் போச்சு!" ராஜாமணி அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "மூணு வேளையும் வடிச்சுக் கொட்டினேனே, எல்லாம் நடிப்புன்னு நினைச்சிருப்பாங்களே." நீமாவும் ஹலிமாவும் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

நாற்காலியில் உட்காரத்தான் ஆள் இல்லை. எல்லோரும் ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ராஜாமணி அக்கா எழுந்து கோ துரையைத் தோளைப் பிடித்துத் தள்ளி உட்கார வைத்தார். உட்கார்ந்தவன் முட்டிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பல் பிடுங்க வந்தவன் மாதிரி இருந்தான்.

"சொல்லு கோ துரை. மில்லைக் காட்டலாமா?" என்றார் தோ சான் யீ.

"யபாடே."

சிரிப்பு கூரையைத் தூக்கியது. "அப்ப எந்திரிடா தம்பி, நாற்காலி வீணாப் போகுது" என்றார் அக்கா.

அவன் எழவில்லை. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தான். அவன் அத்தனை வார்த்தை சேர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை.

"பழைய மில் மூடினப்ப நான் கேட்டில நின்னேன். உள்ள விடலை. இந்தியாவில விலை சரிஞ்சுடுச்சு, போங்கன்னாங்க. யாரோ எங்கேயோ என்னமோ பண்ணினதுக்கு என் கதவு சாத்திச்சு. மறுபடி இந்தக் கதவைத் திறக்க நாம எல்லாம் எவ்வளவு பட்டோம்? இவங்க நல்லவங்கதான். இஞ்சித் தண்ணி கொடுத்தாங்க. ஆனா இவங்க மில் ஓடினா நம்ம மில் நிக்குமோன்னு எனக்குப் பயம். அதனால முடியாது." நிறுத்தினான். பிறகு பர்மீஸில், எல்லோருக்கும் புரியட்டும் என்று, "மயபூ" என்றான்.

மயபூ. முடியாது. அந்த வார்த்தை எங்கள் கூட்டத்தில் அதற்கு முன்னால் விழுந்ததே இல்லை. யாரும் சிரிக்கவில்லை. சலிக்கிற பெண்கள் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். எங்களுக்கும் அதே பயம்தான் என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்.

நான் ஒரு சொல் விடாமல் நீமாவுக்குச் சொன்னேன். அவர் எழுந்து நின்று கோ துரையைப் பார்த்துச் சொன்னார்: "நன்றி. எங்கள் பருப்பு ஒருநாளும் இந்தியாவுக்குப் போகாது என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க எனக்கு ஆசை. கொடுத்தால் அதுவும் ஒரு ரிப்பேர் மிஷின்தான். அதனால் கொடுக்க மாட்டேன். எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. எங்களிடம் வாங்குகிற வியாபாரி ஒவ்வொரு தடவையும் சொல்வார், பர்மாவிலிருந்து மலிவாக வருகிறது, நீங்களும் குறையுங்கள் என்று. உங்களிடம் வாங்குகிறவர் என்ன சொல்வார்?"

நான் அதை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். ஏனென்றால் எங்களிடம் வாங்குகிற தரகர்கள் ஒவ்வொரு தடவையும் சொல்வது ஒன்றே ஒன்றுதான். ஆப்பிரிக்கா சரக்கு இறங்குது, மலிவு, குறைச்சுப் போடுங்க.

கோ துரை நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். "அங்க போய் நம்ம பேரைச் சொல்றானா அவன்?"

"இங்க வந்து அவங்க பேரை!" என்றார் தோ சான் யீ.

"ஒரே ஆளா இருப்பானோ?" என்று ராஜாமணி அக்கா கேட்க, ஹலிமா என்னவென்று புரியாமலே, "தாதா! தாதா!" என்று கை தட்டினார்.

ஒரே ஆளாக இருக்க நியாயமில்லை. கடல் தாண்டித் தாண்டி யார் யாரோ. ஆனால் அந்த நிமிஷம் வரைக்கும் ஆப்பிரிக்கா என்றால் எங்களுக்கு விலையைக் குறைக்கிற ஒரு பேய். இப்போது அந்தப் பேய் எங்கள் முக்காலியில் உட்கார்ந்து, கன்னத்தில் தனக்கா பூசிக்கொண்டு, எங்களையே பேய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தது என்று தெரிந்தது. அப்புறம் பேச்சு வேறு மாதிரிப் போனது. தரகர் அங்கே என்ன சொல்கிறார் என்று அவர்கள் எங்களுக்கு ஃபோனில் சொல்வது, இங்கே சொல்வதை நாங்கள் அவர்களுக்குச் சொல்வது என்று தீர்மானமானது. கோ துரை மறுபடி போய், யாரும் சொல்லாமலே, நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நிபந்தனை வைத்தான். மில்லைக் காட்டலாம், வேலையை எப்படிப் பிரிக்கிறோம், யார் எதை முடிவு செய்கிறோம், சண்டை வந்தால் எப்படித் தீர்க்கிறோம், எல்லாம் காட்டலாம். துவரைக்கு எண்ணெய் தடவி ஊறப்போட்டுக் காயவைக்கிற பக்குவம் மட்டும் சொல்ல மாட்டான். அது மயபூ.

நீமா கையை நீட்டினார். "சரி. அந்த மயபூவை நான் மதிக்கிறேன்."

பிறகு மிஷின் அறைக் கதவு திறந்தது. கோ துரை பெல்ட்டை மாட்டி ஸ்விட்சைப் போட்டான். ஹலிமா கண்ணை மூடிக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி நீமா மூலமாக ஏதோ சொன்னார். நான் மொழிபெயர்க்க முடியாமல் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"என்னண்ணே? சொல்லுங்கண்ணே."

"தினமும் விடியற்காலையில் இந்தச் சத்தம் மாடிக்குக் கேட்டதாம். நல்ல குரலாம். தாதா வீட்டில் சாமி பாட்டை அவ்வளவு சத்தமாக வைத்தும், அடியில் இதுவும் கூடவே பாடிக்கொண்டிருந்ததாம்."

முதல் நாள் ரிப்பேருக்குப் பிறகு எல்லோருமாகப் பேசிவைத்து, விருந்தாளிகள் எழுந்து வருவதற்கு முன்னாலேயே மிஷினை ஓட்டி அன்றன்றைய சரக்கை முடித்துக்கொண்டிருந்தோம். அந்தச் சத்தம் தெரியாமல் இருக்க ராஜாமணி அக்கா முருகன் பாட்டை முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டிருந்தார். மாவு மில் ஓட்டுகிற பெண்ணின் காதில் அது விழாமல் இருக்குமா? தெரிந்தேதான் அவர்கள் போலே போலே என்று எங்களுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கும் அந்த வியாதி உண்டென்று நீமா சொன்னாரே. அக்கா மறுபடி முந்தானைக்குள் போய்விட்டார். கோ துரை மிஷினை நிறுத்திவிட்டு, மொஹிங்கா விஷயத்துக்கும் சேர்த்து, இரண்டு கையையும் கூப்பினான்.

மீதி நாள் அவர்கள் எங்களோடு வேலை செய்தார்கள். நீமா சலிக்கும் பெண்களோடு உட்கார்ந்து, யாருக்குப் பிள்ளை பிறந்தால் யார் அந்த வேலையைப் பார்ப்பது என்பது வரை கேட்டுக்கொண்டார். ஹலிமா மிஷினில் துவரை கொட்டுகிறவர்களைப் பார்த்து "போலே போலே" என்பார். "எது போலே?" என்று அக்கா கேட்பார். இது தினமும் நடக்கும், தினமும் எல்லோரும் சிரிப்போம். பக்குவத்தைக் கோ துரை கடைசி வரைக்கும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

ஊருக்குப் போய்ச் சில மாதம் கழித்து நீமா என் ஃபோனுக்கு ஒரு சத்தம் அனுப்பினார். பேச்சு எதுவும் இல்லை. ஒரு மிஷின் ஓடுகிற சத்தம், பின்னால் பெண்கள் பாடுகிற சத்தம். மில்லில் எல்லோரும் ஃபோனைச் சுற்றி நின்று கேட்டோம். கோ துரை காதில் வைத்து மூன்று தடவை கேட்டுவிட்டு, "பருப்பு நல்லா உடையுதுண்ணே. பக்குவத்தை அவங்களாவே கண்டுபிடிச்சுட்டாங்க போல" என்றான். கொஞ்சம் வருத்தம் மாதிரி இருந்தது. சொல்லிக்கொடுத்திருக்கலாமோ என்று நினைத்தானோ என்னமோ. நம் மில்லும் நிற்கவில்லை, நீங்களே பார்க்கிறீர்களே. விலை ஏறியது, இறங்கியது, மோசமான வருஷமும் வந்தது. தரகர் ஆப்பிரிக்கா கதையை ஆரம்பித்தால் மட்டும் தோ சான் யீ ஃபோனை எடுத்து மேஜையில் வைப்பார். கூப்பிட்டுக் கேட்கட்டுமா என்பார்.

அதனால்தான் சொல்கிறேன். அந்தப் பெண்கள் குழுவுக்குப் பாக்கிங் ரூமைக் காட்ட உங்களுக்கு விருப்பம் இல்லையென்றால் காட்ட வேண்டாம். அது உங்கள் உரிமை. பெயிண்டை மட்டும் விட்டுவிடுங்கள். முடியாது என்று சொல்லுங்கள், ஏன் என்பதையும் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவர்கள் உட்கார்ந்திருந்தால் அங்கே ஏதோ ஒன்று ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். சங்கம் என்பது அங்கேதான் கட்டப்படுகிறது, கை தட்டுகிற இடத்தில் இல்லை. தேக்கு நாற்காலி மேல் காலிச் சாக்கு அடுக்கியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிட்டு நடுவில் போடுங்கள்.

ஒன்றை யாரிடமும் சொன்னதில்லை. அவர்கள் இரண்டு பேரையும் மிங்கலாடோனில் ஏற்றிவிட்டு மில்லுக்குத் திரும்பி வந்தேன். அன்று விடுமுறை, ஒருவரும் இல்லை. நாற்காலி கூட்டம் போட்ட இடத்திலேயே இருந்தது. அத்தனை பேருக்கும் மொழிபெயர்த்த எனக்கு, சொந்தமாக அந்த வார்த்தையைச் சொன்ன ஞாபகமே இல்லை. முதலாளியிடம் சொன்னதில்லை, வார்ஃபில் சொன்னதில்லை, உங்கள் அம்மாவிடம் சொல்லவே முடியாது. போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டு கையையும் நாற்காலிக் கையில் வைத்துக்கொண்டு, எதிரே மிஷின் அறைக் கதவு வழியாகத் தெரிந்த மிஷினைப் பார்த்து "மயபூ" என்றேன். எனக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னேன். உத்தரத்தில் இருந்த புறாக்கள் படபடவென்று எழுந்து வெளியே போயின.